இரும்பு நுழையாத அறை

என் உடுப்புகளில் கொக்கி கிடையாது, ஜிப் கிடையாது, உலோகப் பொத்தான் கிடையாது. எல்லாம் நாடாவும் தேங்காய் ஓட்டுப் பொத்தானும்தான். சேலையூரில், கேம்ப் ரோட்டில் எனக்குத் தைத்துக் கொடுக்கிறவர் முதல் தடவை இதைக் கேட்டுவிட்டு, "ஏதாவது வேண்டுதலா மேடம்?" என்றார். வேலைக்காக என்றேன். என்ன வேலை என்றார். இதயத்திலிருந்து வருகிற காந்தத்தை அளக்கிற வேலை என்றேன். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கை அளவு எடுக்க ஆரம்பித்தார்.

ஒரு முறை அவர் தைத்த சுடிதாரின் கீழ்மடிப்பில் உடைந்த ஊசி முனை ஒன்று தங்கிவிட்டது. அரிசியில் பாதி அளவு இருக்கும். என் கண் அதைப் பார்க்கவில்லை. எங்கள் கருவி பார்த்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று இல்லை. அன்று நான் சொன்னது முழுக்க முழுக்க நியாயம் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தன்னடக்கம் கொஞ்சம் குறைவு, கோபம் கொஞ்சம் கூடுதல். வேலை தெரிந்தவளுக்கு இரண்டும் இருக்கலாம் என்று நானே எனக்கு அனுமதி கொடுத்து வைத்திருந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் லாரியும் பஸ்ஸும், இன்னொரு பக்கம் மின்சார ரயில். சுற்றிலும் மனை போட்டு வீடு எழுப்புகிறார்கள். கம்பி ஏற்றிய வண்டிகள் வந்தபடியே இருக்கும். இத்தனை இரும்புக்கு மத்தியில்தான் நாங்கள் இருப்பதிலேயே சன்னமான காந்தத்தைத் தேடுகிறோம்.

என்ன தேடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதயம் துடிக்கும்போது அதற்குள் ஒரு சின்ன மின்சாரம் ஓடுகிறது. மின்சாரம் ஓடினால் பக்கத்தில் காந்தப்புலம் உண்டாகும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். திசைகாட்டியின் முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்தத்தைப் பத்து லட்சம் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நம் இதயத்தின் காந்தம் இருக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இதயம் என்றால் அதிலும் சிறு துணுக்கு. அதைப் பிடிக்க நியோபியம் என்ற உலோகத்தில் செய்த நுண்ணிய வளையங்கள் வேண்டும். திரவ ஹீலியத்தில் மூழ்கவைத்தால், பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது டிகிரிக் குளிரில் அவை மின்சாரத்தைத் துளியும் தடுக்காத மீக்கடத்திகளாகிவிடும். அந்த நிலையில் காந்தம் இம்மி அசைந்தாலும் அவற்றுக்குத் தெரியும். பிள்ளையின் இதயமும் தெரியும், அரிசியில் பாதி அளவு ஊசி முனையும் தெரியும்.

அதனால்தான் கருவியை ஒரு தனி அறைக்குள் வைத்திருக்கிறோம். கனத்த சுவர், கனத்த கதவு. சுவர்கள் நிக்கலும் இரும்பும் கலந்த ஒரு தனி உலோகம்; வெளியிலிருந்து வரும் காந்தத்தைத் தாங்களே வாங்கி, உள்ளே விடாமல் சுற்றி அனுப்பிவிடும். இரும்பு கலந்த சுவருக்குள்தான் இரும்பே கூடாது என்று சட்டம். பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சிரிப்பது என் வழக்கம்.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒரு அண்ணா. பொழிச்சலூரிலிருந்து பைக்கில் வருவார். குடுவையில் ஹீலியம் ஊற்றுவதிலிருந்து கணினியில் பதிவு எடுப்பது வரை எல்லாம் அவர் கைதான். பைக் சாவி, பெல்ட், கைக்கடிகாரம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் நாளை ஆரம்பிப்பார். உள்ளே போகிற ஒவ்வொருவரையும், சினிமா தியேட்டர் வாசலில் செய்வது போல, உலோகம் காட்டுகிற ஒரு கோலால் அவர் தடவிப் பார்க்க வேண்டும். என்னை மட்டும் தடவ மாட்டார். ஆரம்பத்தில் தடவினார். "என்னையே சந்தேகப்படறீங்களா அண்ணா?" என்று ஒரு நாள் நான் சீறியதிலிருந்து விட்டுவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. தாம்பரத்தில் இருக்கும் ஒரு மகப்பேறு மருத்துவர் காலையில் போன் செய்தார். எப்போதாவது எங்களிடம் ஆள் அனுப்புகிறவர். வீண் பேச்சுப் பேசாதவர்.

"ஏழு மாசம். ஸ்கேன்ல குழந்தையோட ஹார்ட் ரேட் எழுபதுதான் வருது. இருக்க வேண்டியதுல பாதி. மேல் அறை ரெண்டு தடவை அடிக்குது, கீழ் அறை ஒரு தடவைதான் அடிக்குது. பிளாக்கா, இல்ல வெறும் எக்ஸ்ட்ரா பீட்டான்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"எக்ஸ்ட்ரா பீட்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன். பெரும்பாலும் தானா சரியாயிடும். பிளாக்னா இன்னிக்கே அட்மிட் பண்ணி மருந்து ஆரம்பிக்கணும். மோசமாச்சுன்னா இப்பவே எடுக்க வேண்டியிருக்கும். ஏழு மாசத்துல, அந்த ஹார்ட்டோட வெளிய வந்தா அது தாங்குமான்னு நான் சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

இதயத்தின் மேல் அறை கதவைத் தட்டும். கீழ் அறை திறக்கும். அதுதான் ஒரு துடிப்பு. இந்தப் பிள்ளைக்கு ஒன்று விட்டு ஒன்று கதவு திறக்கவில்லை. திறக்காத அந்தத் தட்டல் சரியான நேரத்தில் வருகிறதென்றால், கதவு பழுது, அதுதான் பிளாக். அவசரப்பட்டு முன்கூட்டியே வருகிறதென்றால் அது எக்ஸ்ட்ரா பீட், கதவு நன்றாகத்தான் இருக்கிறது. முந்தின முறை திறந்த களைப்பு இன்னும் தீரவில்லை, அவ்வளவுதான். ஸ்கேனில் அசைவு தெரியும்; இந்த நேரக் கணக்கு துல்லியமாகத் தெரியாது. ஏழாம் மாதத்தில் பிள்ளையின் மேல் மெழுகு போல ஒரு பூச்சு படிந்திருக்கும். அது மின்சாரத்தை வெளியே விடாது, அதனால் இ.சி.ஜி.யும் உதவாது. காந்தத்தை எந்தப் பூச்சும் தடுக்காது. அந்த ஒரு விஷயத்தில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

"அனுப்புங்க, சொல்லிடறேன்" என்றேன். முடியுமா என்ற யோசனையே எனக்கு இல்லை. அண்ணாதான் ஹீலியம் மட்டத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அஞ்சு மணி வரைக்கும்தான் தாங்கும் மேடம். அதுக்கப்புறம் மட்டம் சென்சாருக்குக் கீழ போயிடும். அடுத்த லோடு புதன்கிழமைதான்."

ஒரு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து, மாமியாரோடு. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். மெலிந்த தோள், பெரிய வயிறு. மாமியார் காலையில் மீன் விற்று முடித்த கையோடு, காலி அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். அதைக் காவலாளியிடம் விட்டுவிட்டு வரச் சொல்வதற்குள் அண்ணாவுக்கு வேர்த்துவிட்டது.

"இன்னா மிசினும்மா இது? கரண்டு வுடுமா?" என்றார் மாமியார்.

"ஒண்ணும் விடாதும்மா. தொடக்கூடத் தொடாது. வயித்துக்கு மேல சும்மா நிக்கும். உள்ள இருந்து வர்றதக் கேக்கும், அவ்வளவுதான்."

அவர் என்னை ஒரு ஓரமாக இழுத்துப் போனார். "மொத புள்ள ஏழாம் மாசத்துல தங்கலம்மா" என்று மெதுவாகச் சொன்னார். "அதே மாசம்தான் இது." நான் தலையை ஆட்டினேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வேலையைச் சரியாகச் செய்து கொடுப்பதே ஆறுதல் என்று நினைக்கிறவள் நான்.

உடை மாற்றும் இடத்தில் அவளுக்குப் பருத்தி அங்கியைக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்தேன். ஒன்பது கொண்டை ஊசி. கம்மல். உள்ளாடையின் கொக்கிகள். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்ட். அது பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். தாலிக்கு வந்தபோது அவள் கையை மார்பில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இத மட்டும் கழட்ட மாட்டேன்க்கா."

"கழட்ட வேணாம். தங்கம் ஒண்ணும் பண்ணாது. அதுல மாட்டியிருக்க ஊக்கு மட்டும்தான் எனக்கு வேணும்."

மஞ்சள் கயிற்றில் ஆறு ஊக்குகள் தொங்கின. ஒன்று துருப்பிடித்தது. நம் வீடுகளில் தாலிக் கயிறு நகை மாதிரி இல்லை, கருவிப்பெட்டி மாதிரி. முந்தானை கிழிந்தாலும், பிள்ளையின் சட்டைப் பொத்தான் அறுந்தாலும், காலில் முள் குத்தினாலும் அங்கேதான் கை போகும். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அதற்குள் வெளியே அண்ணா, தடவிப் பார்க்கிற கோலில் சார்ஜ் இல்லை என்றார். முந்தின நாளே சார்ஜ் போடச் சொன்னேனே என்று நான் கத்தினேன். சொன்னேனா என்பது எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. ஆறு ஊக்கையும் பத்திரப்படுத்திவிட்டு, "விடுங்க, என் கண்ணே போதும்" என்று அவளை உள்ளே கூட்டிப் போனேன்.

ஆளில்லாத அறையின் பதிவு துடைத்து விட்டது போலச் சுத்தமாக இருந்தது. அதில் எனக்கு ஒரு பெருமை. அவளை மரக்கட்டிலில் படுக்கவைத்து, வளையங்கள் மூழ்கியிருக்கும் ஹீலியம் குடுவையை வயிற்றுக்கு மேல், துணியைத் தொடாத தூரத்துக்கு இறக்கினோம். கதவை மூடப் போனபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, மூடாதீங்க. மூச்சு முட்டுது."

மாமியாரை உள்ளே விட எனக்கு விருப்பமில்லை. அந்த உடம்பில் என்னென்ன ஊக்கும் ஊசியும் இருக்கிறதோ. நானே ஒரு மர முக்காலியைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அண்ணாவின் குரல் கேட்டது.

"மேடம், ஆடுது."

"எது ஆடுது?"

"முழு பதிவும். மெதுவா ஏறி ஏறி எறங்குது. பெரிய ஆட்டம். புள்ள எங்கியும் தெரியல."

மெதுவாக ஏறி இறங்குவது என்றால் மூச்சு. மார்பு அசையும்போது அதோடு சேர்ந்து எங்கேயோ ஒரு இரும்பும் அசைகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. "மூச்ச இழுத்து நிறுத்தும்மா" என்றேன். நிறுத்தினாள். "நின்னுடுச்சி" என்றார் அண்ணா. "விடு" என்றேன். விட்டாள். "மறுபடி ஆடுது" என்றார் அண்ணா. அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியாயிற்று.

"அவ மேலதான் இருக்கு" என்றேன்.

வெளியே வந்தோம். இருபது நிமிடம் சார்ஜ் ஏறிய கோலால் அவளைத் தடவினேன். இடுப்பருகே வந்ததும் அது கத்தியது. அங்கிக்குள், இடுப்புக் கயிற்றில், சிவப்புத் துணியில் சுற்றி ஒரு ஆணி. விரல் நீளம் இருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் நடுவில் வந்து நின்றார்.

"அத எடுக்காதம்மா. அது படகு ஆணி. பேய் பிசாசு அண்டாம நான்தான் கட்டிவுட்டேன்."

"இரும்பு இருக்கான்னு நான் கேட்டேனா இல்லையா?"

"நகை கீதான்னு கேட்டே. இது நகையா?"

அவர் சொன்னது சரி. நான் நகை, கொக்கி, ஊசி என்றுதான் கேட்டிருந்தேன். ஆனால் அதை ஒப்புக்கொள்கிற மனநிலையில் நான் இல்லை. இந்த ஆணி இருக்கும்வரை உங்கள் பேரப்பிள்ளையின் இதயத்தைப் பார்க்க முடியாது, ஆணி வேண்டுமா பிள்ளை வேண்டுமா என்று கேட்டேன். அவர் மருமகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு அவரே குனிந்து, பல்லால் முடிச்சைத் தளர்த்தி, ஆணியை அவிழ்த்து என் கையில் வைத்தார். இன்னும் சூடாக இருந்தது.

மாமியாரையும் தடவிப் பார்த்துவிட்டு அண்ணா அந்தக் கோலை என் பக்கம் லேசாக நீட்டினார். "மேடம், நீங்களும் ஒரு தபா..." நான் பார்த்த பார்வையில் கோல் தானாக இறங்கிவிட்டது.

மறுபடி உள்ளே போனோம். மறுபடி முக்காலி, கை, கதவு. "கொறஞ்சிருக்கு மேடம். ஆனா போவல" என்றார் அண்ணா. மூச்சை நிறுத்தச் சொன்னேன், ஆட்டம் நின்றது. விடச் சொன்னேன், ஆட்டம் வந்தது. மணி மூன்றரை. ஹீலியம் அரை விரல் இறங்கியிருந்தது. நான் விடுவிடுவென்று வெளியே வந்து மாமியார் முன்னால் நின்றேன்.

"இன்னும் என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

அவர் எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இன்னா உன்ன ஏமாத்தவா வந்துகீறேன்? போன தபா ஒண்ணும் கட்டல, புள்ள பூடுச்சி. இந்த தபா கட்னேன். நீ கேட்டே, அதையும் அவுத்துக் குடுத்துட்டேன். இனிமே அவகிட்ட ஒண்ணுமே கெடியாதும்மா. அவளும் அந்த வயிறுந்தான் கீது."

"அப்ப அந்த வயித்துக்குள்ளதான் இரும்பு இருக்கா?" என்றேன்.

சொன்ன மறுகணமே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். அன்னக்கூடை இல்லாத மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அண்ணா கணினித் திரையைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார்.

மூன்றாவது முறை உள்ளே போனபோது மணி நாலு. எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இருபது வருஷத்தில் முதல் முறையாக, சாயங்காலம் அந்த மருத்துவருக்குப் போன் செய்து 'தெரியவில்லை' என்று சொல்ல வேண்டியிருக்குமோ என்று தோன்றியது. தெரியவில்லை என்றால் அவர் மோசமானதைத்தான் எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பழுதே இல்லாத இதயத்துக்குப் பழுதுக்கான மருந்து போகும். அல்லது பழுதான இதயம் புதன்கிழமை வரை காத்திருக்கும்.

அவள் வயிற்றின் மேல் துணி சுருண்டிருந்தது. இழுத்துவிடக் குனிந்தேன். துப்பட்டா தோளிலிருந்து நழுவியது. அவள் என் கழுத்தருகே பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"அக்கா... அது என் ஊக்குதான?"

கையை வைத்துப் பார்த்தேன். என் சுடிதாரின் கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம், வரிசையாக, ஆறு ஊக்குகள். துருப்பிடித்தது உட்பட.

என் அம்மாவின் கண்ணாடி வளையல்களுக்கு நடுவில் ஒற்றைத் தங்க வளையல் உண்டு. அதில் எப்போதும் நாலு ஊக்கு கோத்திருக்கும். கீழே கிடந்தாலும் சரி, யாராவது கொடுத்தாலும் சரி, நம் பெண்கள் ஊக்கை மேசையில் வைக்க மாட்டார்கள். எடுத்த கை தன் உடுப்பில் குத்திவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குச் சேலை கட்டும்போது நானும் அதைத்தான் செய்கிறேன். அன்று அண்ணாவிடம் சார்ஜுக்காக வாய் கத்திக்கொண்டிருந்தபோது, கை அதன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருக்கிறது. பத்திரப்படுத்தினேன் என்றேனே, அந்தப் பத்திரம் இதுதான்.

மூச்சுச் சோதனையும் அப்போதுதான் புரிந்தது. அவளை மூச்சை நிறுத்தச் சொன்ன ஒவ்வொரு முறையும் நானும் கூடவே நிறுத்தியிருக்கிறேன். யாரிடமாவது மூச்சைப் பிடி என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் மூச்சும் நிற்கும். ஆடியது அவள் மார்பு அல்ல, என் மார்பு.

கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். உள்ளே மைக் திறந்தே இருந்ததால் அவள் கேட்டது அண்ணாவின் காதிலும் விழுந்திருந்தது. பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். தன் பைக் சாவிக்கும் பெல்ட்டுக்கும் மேலே ஆறு ஊக்கையும் போடவைத்தார். பிறகு அந்தக் கோலை எடுத்தார். நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். தலை முதல் கால் வரை நிதானமாக, இரண்டு தடவை தடவினார்.

உள்ளே போகத் திரும்பினேன். கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது. "நீங்க வெளியவே இருங்கக்கா. நான் இருந்துக்கறேன்." பயம் போயிருந்ததா, அல்லது என்னைவிட மூடிய கதவே மேல் என்று முடிவு செய்தாளா, கேட்கவில்லை. கதவை மூடினோம்.

திரை தட்டையாக இருந்தது. ஆட்டமே இல்லை. தாயின் இதயம் பெரிதாக, பொறுமையாக வந்தது. அதைக் கணக்குப் போட்டு நீக்கியதும் அதன் அடியிலிருந்து இன்னொன்று, சின்னதாக, ஆனால் தெளிவாக. அண்ணா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. எத்தனை பிள்ளைகளைப் பார்த்தாலும் அந்த முதல் நிமிடம் எனக்கு அப்படித்தான்.

நாற்பது நிமிடம் பதிவு செய்தோம். மேல் அறையின் தட்டல் இருப்பதிலேயே சன்னமானது. ஒற்றைத் துடிப்பில் தெரியாது. நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் தலை காட்டும். அடுக்கினேன். ஒரு தட்டல், கதவு திறக்கிறது. அடுத்த தட்டல், திறக்கவில்லை. அந்த இரண்டாவது தட்டலின் நேரத்தை அளந்தேன். அது அவசரக்காரத் தட்டல். முந்தியதன் காலை மிதிப்பது போல, நேரத்துக்கு வெகு முன்னாலேயே வந்து நின்றது.

கதவு நன்றாக இருக்கிறது. பிள்ளைக்குப் பழுது இல்லை.

போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது, மதியம் இதே உறுதியோடு 'அவ மேலதான் இருக்கு' என்று சொன்ன என் குரல் எனக்கே கேட்டது. போனைக் கீழே வைத்தேன். "அண்ணா, நான் போட்ட அளவைப் பாக்காம நீங்க தனியா ஒரு தடவை அளங்க" என்றேன். எங்கள் இருவர் வரலாற்றில் அப்படி நான் கேட்டதில்லை. அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கால்மணி நேரம் ஆனது. அவர் எழுதிய எண்ணும் என் எண்ணும் ஒன்றாக இருந்தன.

"ஷ்யூரா?" என்றார் மருத்துவர்.

"ஷ்யூர். ரெண்டு பேர் அளந்திருக்கோம். எக்ஸ்ட்ரா பீட்தான். பிளாக் இல்ல. பதிவை அனுப்பறேன், நீங்களும் பாருங்க."

பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். அந்தப் பெண்ணை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை என்னிடம் வரட்டும் என்றார். அப்போது மணி ஐந்தே கால். ஹீலியம் தீர்ந்துவிட்டிருந்தது.

மாமியார் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முதலில் பிள்ளை நன்றாக இருப்பதைச் சொன்னேன். பிறகு ஊக்கைப் பற்றிச் சொன்னேன், ஒன்றையும் குறைக்காமல். பிறகு, "வயித்தப் பத்தி நான் அப்படிச் சொன்னது பெரிய தப்பும்மா. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் முகத்தை முந்தானையால் துடைத்தார். பிறகு, "ஆறு ஊக்கையும் குத்திகினு நீ எங்களத் தேடிகினு இருந்தியா?" என்றார். அண்ணா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது.

சிவப்புத் துணியோடு ஆணியைக் கொண்டுவந்து, நானே கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் கையைத் தட்டிவிட்டார். "நீ இரும்பத் தொடாத. உன் தொழிலு கெட்டுடும்." அவரே மருமகளுக்குக் கட்டினார். ஊக்குகளை அவளே எண்ணி வாங்கி, ஒவ்வொன்றாகத் தாலிக் கயிற்றில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் தையல் கடைக்குப் போனேன். தைக்க ஒன்றும் இல்லை. பழைய ஊசி விஷயத்தைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். எந்த ஊசி என்று அவருக்கு நினைவே இல்லை. எனக்குத்தான் இருந்தது. இப்போது அண்ணா தினமும் என்னைத் தடவிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். அவர் மறந்தாலும் நான் போய் நிற்கிறேன். மற்றபடி என் குணம் அப்படியேதான் இருக்கிறது. வேலை தெரிந்தவள் என்ற நினைப்பும் போகவில்லை; போக வேண்டிய அவசியமும் இல்லை.

மாதம் நிறைந்து பிள்ளை பிறந்தது. பையன். மூன்றாம் மாதம் ஒரு நாள் காலையில் காவலாளி போன் செய்து, யாரோ மீன் கூடையோடு வந்திருக்கிறார்கள் என்றார். வாசலுக்குப் போனேன். மாமியார் அன்னக்கூடையில் எனக்கென்று வாழையிலையில் சுற்றிய வஞ்சிரம் வைத்திருந்தார். மருமகள் பின்னால் நின்றாள். தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். துடிப்பு நூற்று நாற்பது, மருத்துவர் சொன்னார் என்றாள். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. என் கழுத்தருகே பார்த்தாள்.

"ஊக்கு இல்லியேக்கா?"

கழுத்துப்பட்டியை உள்பக்கம் வெளியே தெரிய மடக்கி, வலது பக்கமும் இடது பக்கமும் காட்டினேன். நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.